தெரு முழுக்கச் சுருள்

கடைத்தெருவில் அவரைச் 'சுருள்' என்றால்தான் தெரியும். தலைமுடியை வைத்து வந்த பெயர் இல்லை. அதற்கு வேண்டிய சரக்கு தலையில் எப்போதோ தீர்ந்துவிட்டது. ஊரின் மறுகோடியில், ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடையில் டிசைனர். ஓர் எழுத்தைக் கையில் கொடுத்தால் அதன் வாலைப் பிடித்து இழுத்து, முறுக்கி, நுனியில் ஓர் இலை முளைக்க வைக்காமல் விடமாட்டார். ஆண்டுக் கடைசி விடுமுறை வந்துவிட்டால் இலை போதாது என்று ரிப்பன், ரிப்பன் போதாது என்று மணி, மணிக்கு மேல் பனி. மழையே வேண்டாவெறுப்பாகப் பெய்யும் ஊர் அது. அங்கே ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் ஒரு முழம் பனி உட்கார்ந்திருக்கும்.

"லீவு சீசன்னா எழுத்தே ஆடணும் சார்" என்பார், வருகிறவர்களிடம்.

எழுத்து ஆடும். படிக்கிறவருக்குத் தலை சுற்றும். ஆனால் யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. காசு கொடுத்துச் செய்ததைப் புரியவில்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? தவிர, கடைக்காரருக்குத் தன் கடையின் பெயர் முன்பே தெரியும். எதைக் கிறுக்கி வைத்தாலும் அவர் கண்ணுக்கு அது சரியாகவே தெரியும். எழுதினவரும் எழுதச் சொன்னவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள், "பிரமாதம்" என்பார்கள், எழுந்து போவார்கள். விஷயமே தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, "இதைப் படிங்க பார்ப்போம்" என்று கேட்க அந்தத் தொழிலில் யாருக்கும் தோன்றியதில்லை.

அந்த வருஷம் அவர் மனைவி கடைத்தெருவில் செருப்புக் கடை வைத்தார். அதுவரை தன் அண்ணனின் டயர் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். தங்கை கிளம்பியதில் அண்ணனுக்குக் கோபம் இல்லை; அதைவிட மோசமான ஒன்று, பெருந்தன்மை. "சீசன்ல கூட்டம் வரலைன்னா கவலைப்படாதே. வருஷம் பிறந்ததும் வந்துடு. உன் நாற்காலியைத் துடைச்சு வெச்சிருக்கேன்" என்றார். அந்த நாற்காலிக்குத் திரும்புவதைவிட ஊரை வெறுங்காலில் சுற்றி வரலாம் என்று நினைத்தார் செருப்புக்காரம்மா.

கணவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"எனக்கு ஒரு பேனர் வேணுங்க. செருப்புன்னு தூரத்துல இருந்து தெரியணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" சுருளின் முகம் வாடிவிட்டது. "ஊர்ல எல்லாருக்கும் இழைச்சு இழைச்சு செஞ்சு குடுக்கறேன். கட்டின பொண்டாட்டிக்கு மொட்டையா ஒரு எழுத்தா? நாலு பேர் பார்த்தா காறித் துப்புவாங்க."

"துப்பட்டும். படிச்சிட்டுத் துப்பட்டும்."

அவர் காதில் அது விழவில்லை. கம்ப்யூட்டரில் விடுமுறை ஃபான்ட்களுக்கென்றே ஒரு ஃபோல்டர் வைத்திருந்தார். அதைத் திறந்து, கல்யாணத்துக்கு நகை எடுக்கிறவர் போல ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பல்பு கோத்த எழுத்து, சர்க்கஸ் வாசல் மாதிரி இருந்தது. சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட எழுத்து, அடிபட்டுக் கட்டுப் போட்ட கால் மாதிரி இருந்தது. செருப்புக் கடைக்கு அது அபசகுனம். பனி உருகிச் சொட்டும் எழுத்தைப் பார்த்தால் கடைக்குக் கூரை ஒழுகுகிறது என்று நினைப்பார்கள். இப்படியே நாள் ஓடியது. பக்கத்துக் கடைகளில் கூட்டம் சேரத் தொடங்கிவிட்டது. "ஆச்சா?" என்று சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதெல்லாம் மனைவி கேட்டார். "அவசரப்பட்டா கலை வராது" என்றார் சுருள். தட்டு கொஞ்சம் பலமாகவே வைக்கப்பட்டது.

கடைசியில் எதையும் விட மனம் வராமல் எல்லாவற்றையும் கலந்தார். 'செருப்பு' என்பதன் கொம்பில் ரிப்பன் கட்டினார். நடுவில் வரும் புள்ளியை நட்சத்திரமாக்கினார். ஒற்றை நட்சத்திரம் தனியாகத் தவிக்குமே என்று சுற்றிலும் கை நிறைய நட்சத்திரங்களை வாரி இறைத்தார். எது புள்ளி, எது வானம் என்று பிரம்மாவே வந்தாலும் சொல்ல முடியாது.

ஃப்ளெக்ஸ் மாட்டும் ஆட்கள் அதைக் கடை முகப்பில் தொங்கவிட்டு, ஃபோட்டோ எடுத்து அனுப்பினார்கள். கடை திறந்ததிலிருந்து சுருள் அந்தப் பக்கம் போனதில்லை; சீசனில் அவருக்கு நாற்காலியை விட்டு எழ நேரம் ஏது? ஃபோனில் இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கி ஒவ்வொரு நட்சத்திரமாகப் பார்த்தார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அன்றிரவு மனைவியிடம், "எப்படி?" என்றார், கண் பனிக்க.

"நாலு பேர் வந்தாங்க" என்றார் மனைவி. "ரெண்டு பேர் பலூன் கேட்டாங்க. ஒருத்தர் வாழ்த்து அட்டை கேட்டார். இன்னொருத்தர் வாசல்லயே நின்னு முழிச்சுப் பார்த்துட்டு, பக்கத்துக் கண்ணாடிக் கடைக்குப் போயி கண்ணை டெஸ்ட் பண்ணிக்கிட்டார்."

"ஜனங்களுக்குப் பழகணும். மெதுவாதான் ரசிப்பாங்க."

"அவங்க ரசிச்சு முடிக்கறதுக்குள்ள எங்கண்ணன் நாற்காலியோட வந்து நிப்பார்."

அதற்குப் பிறகு மனைவி பேனரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பெண்டாட்டி பேசவில்லை என்றால் ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று கணக்குப் போடும் பரம்பரையில் வந்தவர் சுருள். நிம்மதியாகத் தூங்கினார்.

விடுமுறை வாரத்தின் நடுவில் மச்சான் வந்து இறங்கினார், கடையைப் பார்க்க. சுருளே துணைக்குக் கிளம்பினார். தன் பேனரை இந்த டயர் மனுஷன் அண்ணாந்து பார்க்கும்போது அவர் முகத்தைத் தான் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

தெருவுக்குள் நுழைந்தார்கள். இரண்டு பக்கமும் சுருளின் கைவண்ணம். துணிக்கடைக்குப் பனி, பாத்திரக் கடைக்குப் பனி, பல் டாக்டருக்கும் பனி. மணியும் ரிப்பனும் நட்சத்திரமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து புரண்டன. சுருள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். தெருக்கோடி வந்துவிட்டது. கடை வரவில்லை.

"பேச்சு சுவாரசியத்துல தாண்டிட்டோம் போல" என்று திரும்பினார்.

மறுபடி நடந்தார்கள். இப்போது ஒவ்வொரு பேனரையும் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். எல்லாம் அவர் பெற்ற பிள்ளைகள்தான். ஆனால் எந்தப் பிள்ளை எந்த வீட்டுக்குப் போனது என்று சொல்லத் தெரியவில்லை.

மச்சான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "மாப்பிள்ளை, கடை நெசமாவே இருக்கா? இல்ல, கடையும் உங்க கம்ப்யூட்டர்லதான் இருக்கா?"

சுருள் வாய் திறப்பதற்குள், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்து அவரையே கேட்டார். "அண்ணே, இங்க செருப்புக் கடை எங்க இருக்கு?"

வேறு வழியில்லை. எதிர்ப்பட்ட கண்ணாடிக் கடை வாசலில் நின்றவரை மூன்று பேருமாகக் கேட்டார்கள். அவர் சிரித்தார். "பக்கத்துல, தலைக்கு மேல பாருங்க."

அடுத்த கடையின் முகப்பில் ஒரு வெள்ளை ஃப்ளெக்ஸ். அதில், கதவுக்கு அடித்து மிஞ்சிய நீல பெயின்டில், ஒரு சுழி இல்லை, ஒரு இலை இல்லை, குண்டு குண்டாக எழுதியிருந்தது: செருப்பு. கீழே, உள்ளே வாங்க.

சுருள் அந்த வெள்ளையை இரண்டு தடவையும் தாண்டிப் போயிருந்தார். அது அவருக்கு எழுத்தாகவே படவில்லை.

வாசல் வரை கூட்டம். மச்சான் உள்ளே தலையை நீட்டினார். "அண்ணே, வந்தது நல்லதாப் போச்சு, இதைப் பிடி" என்று தங்கை அவர் கையில் அட்டைப்பெட்டி அடுக்கைத் திணித்தார். டயர் கம்பெனி முதலாளி ஏழெட்டுப் பேருடைய பழைய செருப்புகளுக்கு நடுவில் பெட்டியைத் தாங்கிக்கொண்டு நின்றார். நாற்காலி என்ற சொல் அன்றும் அவர் வாயில் வரவில்லை, அப்புறமும் வரவில்லை.

சுருள் வாசலைத் தாண்டித் திரும்பிப் பார்த்தார். அவருடைய நட்சத்திரங்கள் எல்லாம் கடையின் உள்பக்கம் பார்த்துத் தொங்கின. மனைவி பேனரைத் திருப்பிப் போட்டு, முதுகில் எழுதியிருந்தார்.

"என் டிசைனைச் சுவத்தைப் பார்த்த மாதிரி..."

"சுவத்தைப் பார்த்தா? வாடிக்கையாளரைப் பார்த்துங்க. அளவு தேடி எடுக்கறவரைக்கும் சும்மாதானே உக்காந்திருக்காங்க, படிக்கட்டுமே. அவங்களுக்கு நேரம் இருக்கு."

பெஞ்சில் ஒரு சிறுமி ஒற்றைக் காலில் செருப்போடு அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அது நண்டா?"

சுருள் இரண்டு நாள் வீட்டில் பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்தால் அவரைத் தெரியாது என்று அர்த்தம். அடுத்த விடுமுறைக்கு முன்னால் மனைவியின் நீல எழுத்தை ஃபோட்டோ எடுத்தார். மாதக்கணக்கில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தையும் லேசாகக் கோணலாக்கி, பெயின்ட் வழிந்த தடம் வரைந்து, கையால் எழுதிய மாதிரியே ஒரு ஃபான்ட் செய்தார். "எளிமைதான் சார் இப்ப கொண்டாட்டம்" என்று தெரு முழுக்கத் தள்ளிவிட்டார். துணிக்கடை நீலம், பாத்திரக் கடை நீலம், பல் டாக்டர் நீலம். எல்லாமே குண்டு குண்டாக, எல்லாமே உள்ளே வாங்க.

மனைவி ஒரு நாள் காலையில் தெருவை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய் ஸ்டூலை எடுத்து வந்தார். பேனரைக் கழற்றித் திருப்பி மாட்டினார்.

"செருப்புக் கடையா? அதோ, பனி கொட்டுதே, நண்டு மாதிரி ஒண்ணு, அதுதான்" என்று தெருவே வழி சொன்னது. கூட்டம் நேராக வந்தது.

சாயங்காலம் சுருள் வந்து தன் நட்சத்திரங்களுக்குக் கீழே நின்றார். கண் கலங்கிவிட்டது. "சொன்னேன்ல? ஜனங்களுக்குப் பழக ஒரு வருஷம் ஆச்சு."

மனைவி ஒரு பெரியவரின் காலுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "ஆமாங்க" என்றார். "அப்படியே அந்த ஒன்பதாம் நம்பர் பெட்டியை எடுங்க."