வியாழக்கிழமை முறை

என் கையெழுத்து கோட்டில் நிற்காது. ர, ற இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுவேன். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுமலைப் பக்கம் எங்கள் கிணறு எனக்கும் அண்ணனுக்கும் பொது. திங்கள் முதல் மூன்று நாள் அவர் தண்ணீர் பாய்ச்சுவார். வியாழன் முதல் மூன்று நாள் நான். ஞாயிறு கிணறு ஊறுவதற்கு. இதை முறை என்போம். முறை நாளில் கிணறு வற்றும்வரை மோட்டாரை நிறுத்த மாட்டோம்.

மூன்று வருஷம் மழையில்லை. கிணற்றில் பாறை தெரிந்தது. போர் போட்டோம், புழுதிதான் வந்தது. மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு தல்லாகுளம் வந்து, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வாட்ச்மேன் ஆனேன். கிளம்பும்போது முறையைப் பற்றி அண்ணனும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

இந்தக் கோடையில் விடாமல் மழை. போன வாரம் ஒரு காலை, மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் போனில் வந்தார்.

“தம்பி, கெணத்துல ரெண்டாள் மட்டம் தண்ணி கெடக்குடா. இன்னைக்கு உன் மொறை. வாரியா?”

“மகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்குண்ணே.”

“வந்தா உன் காட்டுல பருத்தி ஊனு. வரலைன்னா மொறைய எனக்கு விடு, நான் இன்னும் ரெண்டு குறுக்கம் நெலத்துல ஊனிக்கிறேன். என் மூணு நாளு அம்புட்டுக்கும் பத்தாது. ஏதாச்சும் சொல்லுடா, வாயில என்ன கொழுக்கட்டையா?”

அவர் வைத்துவிட்டார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் காதில் விழுந்தும் சுவிட்சுக்குக் கை போகவில்லை. படிக்கட்டில் தண்ணீர் இறங்கி வந்தது. பின்னாலேயே மேல்மாடி டீச்சர், சேலையைத் தூக்கிப் பிடித்தபடி.

“என்ன வாட்ச்மேன், குத்தாலத்துக்கு பஸ் ஏறணும்னு நெனச்சேன். இங்கயே கொண்டாந்துட்டீங்க!”

“வியாழக்கிழமை டீச்சர்” என்றேன்.

“அதுக்கு?”

துடைப்பத்தை எடுத்தேன்.

படியைக் கூட்டும்போது யோசித்தேன். அடுத்த வருஷம் மறுபடி பாறை தெரியலாம். மகள் பத்தாவது, நடுவில் நிறுத்த முடியாது. ஆனால் முறையை விட்டால் பட்டா என் பேரில் இருந்தும் அங்கே நான் விருந்தாளிதான். அதற்காக அண்ணன் கையில் விதையை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்க முடியுமா?

போனில் சொல்ல வாய் வரவில்லை. ஒரு வாரம் கழித்துக் காகிதத்தில் எழுதினேன்: “என் முறையையும் நீங்களே பாய்ச்சிக்கொள்ளுங்கள்.” முறைக்குச் சின்ன ர போட்டிருந்தேன், திருத்தினேன். பிறகு வரிக்கு மேலே, இருந்த இடத்தில் நெருக்கி, “இந்த வருஷத்துக்கு” என்று சேர்த்தேன்.

ஆடி 18, வியாழக்கிழமை.