அபிஷேகம் என்று நினைத்திருந்த நடுக்கம்

முழங்கால் போட்டுக் குனிந்தால் எனக்கு உடம்பு நடுங்கும். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். தொப்பலாக வேர்க்கும், தலை வெடித்துவிடும் போல வலிக்கும். கால்மணி நேரத்தில் அடங்கிவிடும். நாலு வருஷம் இப்படித்தான். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் ஜெபவீட்டில் அதற்கு அபிஷேகம் என்று பெயர்; ஆவியானவர் என்மேல் இறங்குகிறார் என்பார்கள்.

நானும் அப்படித்தான் நம்பினேன். மறைக்க என்ன இருக்கிறது? "அக்கா, என் தலையில கை வைங்க" என்று வரிசையில் வந்து நிற்பார்கள். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. எனக்கு என் நடுக்கம். "ஆண்டவரே, இன்னும் பலமாக என்னை அசையும்" என்றுகூட ஜெபித்திருக்கிறேன். எதைக் கேட்டிருக்கிறேன் பாருங்கள்!

கண்டுபிடித்தது எங்கள் சபையார் யாரும் இல்லை. கூடவே இருக்கும் என் நாத்தனார் செல்வி. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். வீட்டில் நான் இட்லி மாவு அரைத்து விற்கிறேன், பாக்கெட் போடுவது அவள். போன ஜூன் மாதம் ஒரு காலையில் கிரைண்டரில் குனிந்து மாவு அள்ளினேன். அதே நடுக்கம். சுவரைப் பிடித்துக்கொண்டு "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றேன்.

"இன்னா அண்ணி, மாவு அள்றப்பகூடவா உங்க சாமி இறங்குது? அவருக்கு வேற வேலை இல்லியா?" என்றாள்.

சுருக்கென்றது. திட்ட வாயைத் திறந்தேன், வாந்திதான் வந்தது. அப்படியே ஆட்டோவில் போட்டு கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். பிபி இருநூற்றி இருபது. நம்பாமல் நர்ஸ் இன்னொரு மெஷினைக் கொண்டுவந்து கட்டிப் பார்த்தாள்.

பிறகு பெரிய ஆஸ்பத்திரி, ஸ்கேன். சிறுநீரகத்துக்கு மேலே அட்ரினல் என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். பயந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, அந்த ரசத்தைச் சுரப்பது அதுதானாம். எனக்கு இடது பக்கம் அதில் எலுமிச்சம்பழம் அளவு கட்டி. குனிந்தால் அழுந்துகிறது, அழுந்தினால் ஊற்றுகிறது. "டென்ஷன் மாட்கோபேடி அம்மா" என்று கன்னடத்தில் தைரியம் சொன்னார் டாக்டர். வயிற்றைக் கிழிக்க வேண்டாம், நாலு சின்ன துளை போட்டு, கேமரா விட்டு எடுத்துவிடலாம், லேப்ராஸ்கோப்பி. ஆனால் அதற்கு முன் மூன்று வாரம் ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை. இல்லாவிட்டால் கட்டியைத் தொட்டதும் பிரஷர் எகிறி உயிருக்கே மோசமாகிவிடுமாம்.

அந்த நாட்களில் நான் உட்கார்ந்தால் நிற்க வேண்டும், நின்றால் நடக்க வேண்டும். ஒன்றிலும் மனம் நிலைக்கவில்லை. சபையிலிருந்து ரோஸி சிஸ்டர் வந்தார். "கத்தி பட்டா அபிஷேகம் போயிடும்க்கா. தேவன் கொடுத்ததை வெட்டி எறியப் போறீங்களா?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்குள் இருந்த பயமும் அதேதான். செத்துப்போவதைவிட, நடுக்கம் இல்லாத வெறும் மனுஷியாக ஜெபவீட்டில் உட்காருவதற்குத்தான் பயந்தேன்.

மாத்திரையை நிறுத்தினேன். செல்வி கேட்டால் போட்டாயிற்று என்பேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? மூன்றாம் நாள் குனியாமலே வந்தது. சும்மா நின்றிருந்தவள் தரையில் விழுந்தேன். கண் மங்கிவிட்டது. படுத்தபடியே கேட்டேன்: "ஆண்டவரே, நடுக்கம் வேண்டாம். பேரும் வேண்டாம். உம்முடையது இல்லையென்றால் எடுத்துப்போடும். நான் உயிரோடு இருக்கணும்."

செல்வி ஓடிவந்தாள். புது மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடந்ததைப் பார்த்துவிட்டாள். அழுகையும் கோபமுமாக என் வாயில் ஒன்றைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். "என் சாமியா இருந்தா, இந்த மாத்திரையும் நாந்தான்டி குடுத்தேன்னு சொல்லியிருக்கும், அண்ணி!"

அவள் ஏச்சாகத்தான் சொன்னாள். எனக்கு அதுதான் பதில்.

டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். திட்டினார், தேதியைத் தள்ளிப்போட்டார். ஆபரேஷன் அன்று என் வீட்டுக்காரரும் செல்வியும் மூன்று மணி நேரம் வெளியே நின்றார்கள். கட்டியைத் தொட்டபோது பிரஷர் ஒரு தடவை எகிறி, மருந்துக்கு அடங்கியதாம். மூன்றாம் நாள் என் காலால் நடந்து வீட்டுக்கு வந்தேன். தேவனுக்கே மகிமை.

காயம் ஆறியதும் ஜெபவீட்டுக்குப் போய் முழங்கால் போட்டேன். ஒன்றுமே ஆகவில்லை. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். ஆண்டவர் என்னை விட்டுப் போய்விட்டாரோ என்று ஒரு நிமிஷம் திக்கென்றது. பிறகு எழுந்து நின்று சொல்லிவிட்டேன்: "நாலு வருஷமா நீங்க பார்த்தது என் கட்டிய."

ரோஸி சிஸ்டர்தான் கேட்டார்: "அப்ப நீங்க ஜெபிச்சு என் பையனுக்கு சுகமாச்சே, அது?"

"அது அவர் செஞ்சது சிஸ்டர். நடுங்கினது மட்டும்தான் நான்."

இப்போது என் முன்னால் வரிசை நிற்பதில்லை. சில நாள் அது உறுத்தும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முன்னெல்லாம் என் நடுக்கத்தைக் கவனித்துக்கொண்டே ஜெபிப்பேன். இப்போது அவரோடு பேசுகிறேன். அன்பானவர்களே, உடம்பு ஏதாவது சொன்னால் போய்க் காட்டுங்கள். டாக்டரிடம் போவது அவர் கையை விடுவது ஆகாது. நம்பிக் கேளுங்கள், பதில் எந்த வாயிலிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து ரோஸி சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பைபிளுக்குள் மடித்து வைத்திருந்த ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். பித்தப்பையில் கல்லாம், ஆபரேஷன் செய்யச் சொல்லி எழுதி ஒரு வருஷம் ஆகிறது. அத்தனை நாளும் வலியோடு சபையில் பாடிக்கொண்டிருந்திருக்கிறார்.

நாளைக் காலை அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறோம், நானும் செல்வியும். அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.