இருபத்திரண்டாவது நிமிஷம்

திருத்துறைப்பூண்டியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றால் ஜூலியட்டிடம்தான் போவார்கள். போகும்போதே நாலு திட்டு வாங்கத் தயாராகத்தான் போவார்கள். "தண்ணி பாட்டிலை கீபோர்டு பக்கத்துல வைக்காதீங்கன்னு போன மாசமே சொன்னேனா இல்லியா?" என்று ஆரம்பித்தால் கடைசி ஸ்க்ரூவைத் திருகி முடிக்கும்வரை வாய் ஓயாது. வயது நாற்பத்தேழு. ரயில்வே கேட் பக்கம் சின்னக் கடை. மாதா படம், ஒரு மேசை ஃபேன், சுவரோரம் வாய் பிளந்து கிடக்கும் பெட்டிகள். 'இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க' என்ற பேச்சே அவளிடம் கிடையாது. அதற்காகவே ஊர் அவள் திட்டைப் பொறுத்துக்கொண்டது.

அவளுக்கென்று ஒரு வழக்கமும் இருந்தது. சும்மா சும்மா அணைந்து எரியும் மெஷின் வந்தால், தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை எடுத்துக்கொள்வாள். எத்தனை மணிக்கு அணைந்தது, அப்போது பக்கத்தில் என்ன ஓடியது என்று பின்பக்கம் எழுதுவாள். மாவு மில், மோட்டார், மிக்ஸி எதுவும் தப்பாது. "காரணமில்லாம எதுவும் அணையாது. நமக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்பாள்.

ஆயுத பூஜை கழிந்து மூன்று வாரம் ஆனபோது துரைராசு மொபெட்டில் வந்து இறங்கினார். நாலு ஏக்கர் சாகுபடிக்காரர், அறுபத்தைந்து வயது. பின்னால் அவர் மனைவி மங்களாம்பிகை, துண்டில் சுற்றிய பெட்டியைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்திருந்தாள். மகள் வானதி காலேஜ் சேர்ந்தபோது வாங்கிய மெஷின் அது. வானதி இப்போது சிங்கப்பூரில் இருக்கிறாள். நாலு வருஷம் முன்னால் வீட்டுக்குத் தெரியாமல் ராம்கி என்கிற பையனைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து அவள் செல்போனில் கூப்பிட்டால் துரைராசு, "உங்கம்மாகிட்ட பேசு" என்று கொடுத்துவிடுவார். பேத்தி பிறந்த பிறகுதான், அந்த முகத்தைப் பெரிய திரையில் பார்க்கிற ஆசையில், ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார ஆரம்பித்தார்.

"மூணு ஞாயித்துக்கிழமையா நடுவுல பட்டுனு அணையுதும்மா. தானா மறுபடி எரியுது. எரிஞ்சு நிக்கறதுக்குள்ள புள்ள போயிடுறா" என்றார் துரைராசு.

அவர் டீ சொல்லப் போன நேரத்தில் மங்களாம்பிகை குரலைத் தாழ்த்தினாள். "பொங்கலுக்கு நாங்க மூணு பேரும் வரலாமாப்பான்னு அவ கேக்கறப்பல்லாம் அணையுது. அப்பாதான் காலால சுவிட்சை அமுக்குறாருன்னு நெனைக்கிறா. எனக்கே சந்தேகமா இருக்கு."

"அண்ணி, மொதல்ல மெஷினைப் பார்ப்போம். மனுஷனை அப்புறம் பார்ப்போம்" என்றாள் ஜூலியட்.

பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிச் சுவரில் சாத்தினாள். அதில் பூஜைச் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. அவற்றின் மேல் துணி படாமல் சுற்றித் துடைத்தாள். அடுத்தவர் வீட்டுச் சாமி விஷயத்தில் அவள் கை வைப்பதில்லை; கடைக்கு வருகிற பாதிப் பெட்டிகளில் சந்தனம் இருக்கத்தான் செய்தது. உள்ளே இருந்த நெல் தூசியை ஊதி எடுத்தாள். மெமரி கார்டை அழிரப்பரால் தேய்த்து மாட்டினாள். பவர் சப்ளையையும் மாற்றினாள். இரண்டு நாள் ஓடவிட்டாள். ஒரு தடவைகூட அணையவில்லை. தகட்டை மாட்டி, தைரியமாகக் கொடுத்தனுப்பினாள்.

அடுத்த ஞாயிறும் அணைந்தது. அதே கேள்வியில் அணைந்தது.

மங்களாம்பிகை போனில் அழுதாள். "இன்னொரு தடவை இப்படிப் பண்ணுனா இனிமே கூப்பிடவே மாட்டேன், வரவும் மாட்டேன்னு சொல்லிட்டா ஜூலியட்டு. இவரு நான் தொடலங்கறாரு. யாரை நம்பறது நான்?"

ஜூலியட்டுக்கு முகம் செத்துவிட்டது. தன் வேலை தோற்றது ஒரு பக்கம். தன் அலட்சியத்தால் ஒரு பிள்ளை வீட்டுக்கு வராமல் போய்விடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, காலண்டர் தாள்களோடு அவர்கள் வீட்டுக்கே போய் உட்கார்ந்துவிட்டாள்.

கூடத்தில் பாதிக்கு மேல் குறுவை நெல் மூட்டைகள். மழைக்குப் பயந்து உள்ளே அடுக்கியிருந்தார்கள். ஜூலியட் தன் செல்போனிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்கே வீடியோ கால் போட்டு ஓடவிட்டாள். துரைராசு யாரும் சொல்லாமலே நாற்காலியை எதிர்ச் சுவரோரம் இழுத்துப் போட்டு, இரண்டு காலையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார். கைகளை மடியில் எல்லோருக்கும் தெரிகிறபடி வைத்துக்கொண்டார். அதைப் பார்க்க ஜூலியட்டுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

இருபத்திரண்டாவது நிமிஷம் திரை கறுத்தது.

"பாத்தியா! பாத்தியாடி! நான் இங்க உக்காந்திருக்கேன்!" துரைராசு துள்ளி எழுந்தார். மெஷின் கெட்டதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை ஜூலியட் அதுவரை பார்த்ததில்லை. மங்களாம்பிகை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜூலியட் தாளில் எழுதினாள். மோட்டார் ஓடவில்லை, மிக்ஸி இல்லை, கரண்ட் சரியாக இருந்தது. மறுபடி ஓடவிட்டாள். இந்தத் தடவை பதினாலு நிமிஷம்தான். ஏற்கெனவே சூடாக இருந்ததால் சீக்கிரம் அணைந்திருக்கிறது. பெட்டியில் கை வைத்தாள். இட்லிப் பானையைத் தொட்டதுபோல் சுட்டது. கடையில் சுடவில்லையே என்று யோசித்தவளுக்கு, சுவரில் சாத்திவைத்த தகடு ஞாபகம் வந்தது; அங்கே பெட்டி திறந்தபடிதான் ஓடியது. குனிந்து பார்த்தாள். தகட்டில் காற்றுப் போகிற ஓட்டை ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. ஓட்டைக்கு ஓட்டை சந்தனம், அதன்மேல் நெல் தூசி ஒட்டிக் காய்ந்திருந்தது.

"அண்ணி, பழைய சந்தனத்தைத் தொடைக்கிறதில்லியா?"

"சாமிக்கு வச்சதைத் தொடைப்பாங்களா? வருஷா வருஷம் அதுமேலயே வைப்பேன். இந்த வருஷம் பேத்திக்காகக் கொஞ்சம் கூடவே வச்சேன்."

ஜூலியட் தலையில் அடித்துக்கொண்டாள். திட்டு வாய்வரை வந்தது. இந்தத் தடவை அது தனக்குத்தான். "தப்பு என்னுதுதான் அண்ணி. கடையிலயே பார்த்தேன். நான் வேதக்காரி, உங்க சாமிக்கு வச்சதை நான் தொடலாமான்னு சுத்தித் தொடைச்சுட்டு விட்டுட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். மெஷினுக்கு மூச்சு முட்டி அணையுது. பேச ஆரம்பிச்சு சூடேற இருபது நிமிஷம். நீங்க மழை, உரம், மாடுன்னு பேசிட்டு விஷயத்துக்கு வரவும் அதே இருபது நிமிஷம்."

துரைராசு தரையைப் பார்த்தார். மங்களாம்பிகை உள்ளே போய் ஈரத் துணி கொண்டுவந்தாள். தன் கையாலேயே ஒவ்வொரு ஓட்டையாகத் துடைத்தாள். முடிந்ததும் ஓட்டை இல்லாத முன்பக்கத்தில் ஒரே ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள். "இங்க வைக்கலாமா?" என்று கேட்டாள். "தாராளமா" என்றாள் ஜூலியட்.

சர்ச்சில் ஞாயிறு காலைப் பூசை முடிந்த கையோடு ஜூலியட் வந்துவிட்டாள். திரையில் படாமல் ஓரமாகத் தாளோடு உட்கார்ந்தாள். வானதி வந்தாள், முகத்தில் சிரிப்பில்லை. பேத்தி ஒரு பொம்மையைக் காட்டியது. துரைராசு மழையைப் பற்றிப் பேசினார். சம்பா நாற்றைப் பற்றிப் பேசினார். இருபது நிமிஷம் ஓடியது.

"கடைசியா கேக்கறேம்ப்பா. பொங்கலுக்கு நாங்க மூணு பேரும் வரலாமா?"

துரைராசு திரையைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தார். இத்தனை வாரமும் அந்தக் கேள்விக்கு அவருக்காக அதுதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அது சீராக இரைந்துகொண்டே இருந்தது. இருபத்திரண்டு தாண்டியது. இருபத்தைந்து தாண்டியது. அவர் அசையவில்லை.

"அப்பா? படம் நின்னுபோச்சா?"

"நிக்கலம்மா. இருக்கேன்." பெட்டியை விட்டுத் திரைக்குத் திரும்பினார். "ஏம்மா, மாப்பிள்ளை புழுங்கலரிசி சாப்பிடுவாரா, பச்சரிசியா? இப்பவே எடுத்து வைக்கணும்ல."

நாலு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் கேட்டிராத வார்த்தை அது, மாப்பிள்ளை. திரையில் வானதியின் முகம் காணாமல் போனது. வெறும் கூரையும் சுற்றுகிற ஃபேனும் தெரிந்தன. ஒரு சத்தமும் இல்லை.

"ஐயோ, இப்ப அங்க அணைஞ்சுபோச்சா?" மங்களாம்பிகை பதறினாள்.

"இல்ல அண்ணி, ஓடிக்கிட்டுதான் இருக்கு" என்றாள் ஜூலியட். "அழுது முடிக்கட்டும். இருங்க."