இளவரசி குழாயடியில் நின்ற படம்

எங்கள் வீட்டில் யாரும் என்னோடு உட்கார்ந்து சினிமா பார்க்க மாட்டார்கள். பார்த்துவிட்டு வந்தாலும் என் எதிரில் வாயைத் திறக்க மாட்டார்கள். ஒரு சண்டைக் காட்சியை யாராவது முன்பின்னாகச் சொன்னால்கூட எனக்குப் பொறுக்காது. அவன் முதலில் மாடியிலிருந்து குதித்தான், அப்புறம்தான் கத்தியை எடுத்தான் என்று திருத்திச் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். இந்தக் குணத்தால் ஒரு சம்பந்தி வீட்டோடு பேச்சுவார்த்தையே நின்றுபோயிருக்கிறது. நல்ல குணமில்லை என்று எனக்கும் தெரியும். என்ன செய்வது? பத்து வயதில், கெலமங்கலத்தில், தாத்தாவின் புளி மண்டியில் அத்தனை பேர் முன்னால் நான் ஓர் உண்மையைச் சொன்னேன். ஒருத்தர்கூட ஒப்புக்கொள்ளவில்லை. அந்த எரிச்சல் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

அப்பாவுக்குத் தங்கவயலில் சுரங்க வேலை. அங்கே குடியிருக்க வீடு கிடைக்கும்வரை என்று சொல்லித்தான் அம்மா என்னை அழைத்துக்கொண்டு தாத்தா வீட்டுக்கு வந்தாள். வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வீட்டின் முன்பாதிதான் மண்டி. மாசி பிறந்தால் அஞ்செட்டி மலைப் பக்கத்திலிருந்து புளி வந்து குவியும். ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓடு நீக்கி, சின்னச் சுத்தியலால் தட்டிக் கொட்டையை எடுப்பார்கள். அம்மாவும் அவர்களோடு உட்காருவாள். புளி இல்லாத மாதங்களில் அதே வட்டம் நிலக்கடலை உடைக்கும். கை எதைச் செய்தாலும் வாய் சினிமாதான் பேசும்.

எங்கள் சபைக்குத் தெரிந்து படங்களில் மூன்றே ரகம். பேய்ப் படம், சண்டைப் படம், அழுகைப் படம். நாகம்மக்கா பேய்க் கட்சி. அவளுக்கு வீட்டில் தெலுங்கு, மண்டியில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். “பேயின்னா வெள்ளச் சேலை கட்டிக்கினு பாட்டா பாடும்? எங்க பக்கத்துப் பேயி கல்லுதான் எறியும்” என்று படம் எடுத்தவர்களைத் திட்டுவாள். திட்டிக்கொண்டே அடுத்த பேய்ப் படத்துக்கும் முதல் ஆளாகப் போய் நிற்பாள். மூட்டைகளை மாட்டுவண்டியில் ஓசூருக்குக் கொண்டுபோகும் பாய் சண்டைக் கட்சி. “அழுவறதுக்கு எதுக்கும்மா டிக்கெட்டு? அது வீட்டுலயே கெடைக்குது” என்பார். அம்மாவுக்குக் குடும்பக் கதைதான் உசத்தி. சண்டையில் யார் ஜெயிப்பான் என்று முதலிலேயே தெரிந்துவிடுகிறது, குடும்பத்தில்தான் அடுத்து என்ன ஆகும் என்று தெரிவதில்லை என்பது அவள் கட்சி. தாத்தா எந்தக் கட்சியிலும் இல்லை. தராசின் பக்கத்தில் உட்கார்ந்து எடை போட்டுக்கொண்டிருப்பார். சினிமாப் பேச்சே காதில் விழாத மாதிரி இருப்பார்.

இந்தச் சபைக்குக் கடைசித் தீர்ப்புச் சொல்பவர் மாமா, அம்மாவின் தம்பி. மாதம் ஒருமுறை சரக்கோடு பெங்களூர் போய் மறுநாள் திரும்புவார். எங்கள் ஊர் டென்ட்டுக் கொட்டகைக்கு ஒரு படம் வந்து சேர ஒன்றரை வருஷம் ஆகும். மாமா அதைச் சுடச்சுடப் பார்த்துவிட்டு வந்து மூட்டை மேல் உட்கார்ந்து சொல்வார். சட்டைப் பையிலிருந்து அந்தப் படத்துப் பாட்டுப் புத்தகம் எட்டிப் பார்க்கும்.

மாமாவின் படங்கள் பாதிவரை மற்ற படங்கள் போலத்தான் இருக்கும். அதற்குப் பிறகு ஒரு தினுசாகப் போகும். ஐப்பசியில் சொன்ன பேய்ப் படத்தில் பேய் வருவதற்குள் கதாநாயகி மூன்று முறை வாந்தி எடுத்தாள். பேய் பிடித்துவிட்டது என்றாள் நாகம்மக்கா. அம்மாவோ முகமெல்லாம் சிரிப்பாக, எத்தனை மாசம் என்று கேட்டாள். மூன்று என்றார் மாமா. அதன் பிறகு அந்தப் பேய் என்ன ஆனது என்று அம்மா கேட்கவே இல்லை.

தை மாதம் சொன்ன கத்திச் சண்டைப் படம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. தளபதி ராஜாவைச் சிறையில் அடைக்கிறான். இளவரசி தப்பித்து ஓடுகிறாள். அதுவரை ஒழுங்கு. பிறகு இளவரசி மாறுவேஷத்தில், ஒரு பஞ்சு மில்லுக்குப் பின்னால் ஒற்றை அறை வீட்டில் குடியிருக்கிறாள். விடிந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடியில் வரிசையில் நிற்கிறாள்.

“கூட நிக்கறவங்க அவகிட்ட பேசறாங்களா?” என்று கேட்டாள் அம்மா.

“மொதல்ல பேசல. இப்பத்தான் அவ கன்னடம் கத்துக்கினாளே. பக்கத்து வீட்டம்மா கொடத்தைத் தூக்கியாந்து குடுக்குது.”

“ஏன், இவளால தூக்க முடியலயா?”

“ஆறு மாசம் ஆவுதில்லக்கா.”

இளவரசன் எப்போது கத்தியை எடுப்பான் என்று பாய் கேட்டார். அவன் வேலைக்குப் போயிருப்பதாக மாமா சொன்னார். முடிவில் வழக்கம்போல் தீர்ப்பு வந்தது. “சண்டை பரவால்ல. பாட்டு ரெண்டு தேறும். இளவரசிதான் ரொம்ப எளைச்சுட்டா.” அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. ஓர் இளவரசி இளைத்ததற்கு இப்படியா என்று எனக்கு வியப்பாக இருந்தது.

அந்த இளவரசி என் சின்னம்மா. இது எனக்குத் தெரிய வெகு வருஷங்கள் ஆயின. வீட்டுக்குக் கடைக்குட்டியான அவள், அதற்கு முந்தின வருஷம், அரிசி மில் எஞ்சினைப் பழுது பார்க்கப் பெங்களூரிலிருந்து வந்த கன்னடக்காரப் பையனோடு ஊரைவிட்டுப் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். தாத்தா சாமி படத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றினார். இனி இந்த வீட்டில் அவள் பேச்சு எழாது, அவள் வீட்டு வாசலை மிதிப்பவர் இந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது என்று சொல்லி, அம்மாவையும் மாமாவையும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். அவர்களுக்குப் பிறகு தானும் அணைத்தார்.

அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் சின்னம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சினிமாதான் பேசினார்கள். மாமா பெங்களூரில் எந்தக் கொட்டகைக்கும் போனதில்லை. சரக்கை இறக்கியதும் ஒரு பாட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு நேரே தங்கச்சி வீட்டுக்குப் போவார். அந்தப் புத்தகங்களில் கதைச் சுருக்கம் பாதியில் நின்றுவிடும், மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று அச்சடித்திருக்கும். அந்த மீதியில்தான் மாமா சின்னம்மாவைக் குடிவைத்தார். இது வெளியே தெரிந்திருந்தால் அவரும், அம்மாவும், அம்மாவோடு நானும் அன்றைக்கே தெருவில் நின்றிருப்போம்.

தெரிய வைப்பதற்கென்றே நான் ஒருத்தி இருந்தேன். மாமா தையில் சொன்ன கத்திச் சண்டைப் படம் சித்திரையிலேயே எங்கள் டென்ட்டுக்கு வந்துவிட்டது. பெங்களூரில் சரியாக ஓடவில்லை போலிருக்கிறது. “அது வேணாம் கண்ணு. அடுத்த படத்துக்கு நானே கூட்டிக்கினு போறன்” என்று மாமா கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டுச் சரக்கோடு பெங்களூருக்குக் கிளம்பினார். அவர் வண்டி தெருமுனை திரும்பியதுமே நான் அடம் பிடிக்க ஆரம்பித்தேன். சொன்ன கதையையே போய்ப் பார்ப்பானேன் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். சாயங்காலம் முதல் ஆட்டத்துக்கு நாகம்மக்காவோடு போய்விட்டேன்.

பெண்கள் பக்கத்து மணலில் முன்னால் இடம் பிடித்து உட்கார்ந்தேன். தளபதி ராஜாவைச் சிறையில் போட்டான். இளவரசி ஓடினாள். இனி குழாயடி என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் ஓடியது ஒரு குகைக்கு. குகையில் குழாய் இல்லை. மில் இல்லை, பக்கத்து வீட்டம்மா இல்லை. இளைத்தவளாகவும் தெரியவில்லை, நல்ல சதைப்பிடிப்பாகத்தான் இருந்தாள். எல்லாவற்றுக்கும் மேல் கல்யாணமே கடைசிக் காட்சியில்தான் நடந்தது. பக்கத்தில் நாகம்மக்கா சண்டைக்கு விசிலடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் மாமா எங்களை ஏமாற்றியிருக்கிறார்!

மறுநாள் மத்தியானம் மாமா திரும்பினார். சுத்தியல் சத்தம் நின்றது. அம்மா எந்தப் படம் என்றுகூடக் கேட்கவில்லை, மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவும் பாட்டுப் புத்தகத்தை எடுக்கவில்லை.

“இந்தத் தடவ குடும்பப் படங்க்கா. ரெண்டு நாளு வலி. ஆசுபத்திரியில சேத்து, தாயும் புள்ளையும் வேற வேறயா ஆயாச்சு. ரெண்டும் நல்லாருக்குது.”

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மற்ற பெண்களும் மூக்கை உறிஞ்சினார்கள். இவ்வளவு பேர் ஒரு பொய்க்கு அழுவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? நான் எழுந்து நின்றேன்.

“பொய்யி! நேத்து நான் அந்தச் சண்டைப் படத்தைப் பாத்தன். அதுல கொழாயடியே இல்ல. இளவரசிக்குக் கல்யாணமே கடைசியிலதான். மாமா எந்தப் படமும் பாக்கறதில்ல. பெங்களூருல வேற எங்கியோ போறாரு!”

மாமாவின் முகம் வெளுத்துப்போனது. அம்மா புளி ஒட்டிய கையால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். என்னை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். தாத்தா தராசிலிருந்த படிக்கற்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி வைத்தார். எழுந்து எங்களிடம் வந்தார். மாமாவைப் பார்க்காமல் நாகம்மக்காவைப் பார்த்தார்.

“நேத்து நீயும்தான இவகூடப் போன?”

“போனன் சாமி.” நாகம்மக்கா சுத்தியலைக் கீழே வைத்தாள். “நடுவுல ரீலு அறுந்துபோச்சு. அந்தக் கொழாயடி அதுலதான் இருந்திருக்கும்.”

“நம்மூருக்கு வர்றதுக்குள்ள பாதிப் படத்தை வெட்டிடறானுங்க மொதலாளி” என்று பாயும் வண்டிப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார். “பெங்களூருலதான் முழுசா ஓட்டறான்.” ஆமாம் ஆமாம் என்றார்கள் மற்றவர்கள். அவர்களில் பாதிப் பேர் அந்தப் படத்துக்கு வரவே இல்லை.

ரீல் அறுந்துபோகவில்லை, நான் கண் கொட்டாமல் பார்த்தேன் என்று கத்தினேன். தாத்தா என் பக்கம் திரும்பினார்.

“கேட்டியா? அறுந்த படத்தைப் பாத்துட்டு வந்து பெரியவங்க பேச்சுல பூரக் கூடாது” என்றார். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ கேட்பதுபோல், “அந்தப் பெங்களூரு படத்துல… என்ன கொழந்த?” என்றார்.

மாமா மெதுவாகச் சொன்னார். “பொண்ணுங்கப்பா.”

“யாரு சாயலு?”

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். “நெத்தி… அந்த ராஜா சாயலு.”

என்னால் தாங்க முடியவில்லை. “ராஜா வந்தது சண்டைப் படத்துல! இது குடும்பப் படம்!” என்றேன். என் பேச்சு யார் காதிலும் ஏறவில்லை. தாத்தா ஒரு கையால் தன் நெற்றியைத் தடவிக்கொண்டே உள்ளே போனார். வரும்போது கையில் ஒரு சின்ன ஜாடி இருந்தது. வீட்டுக்கென்று எடுத்து வைத்த மூன்று வருஷத்துப் பழம்புளி, உப்புப் போட்டுக் கருகருவென்று இருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் பக்கத்தில் அந்தப் புளியில்தான் ரசம் வைப்பார்கள்.

“நாளைக்கே இன்னொரு வாட்டி போயி அந்தப் படத்தைப் பாரு. போறப்ப இத எடுத்துக்கினு போ. பெத்தவளுக்குப் புதுப் புளி ஆவாது” என்று சொல்லி ஜாடியை மாமாவின் மடியில் வைத்துவிட்டுத் தராசுக்குத் திரும்பினார். சினிமாவுக்குப் போகிறவர் கையில் யாராவது புளி கொடுத்தனுப்புவார்களா? தாத்தாவுக்கு வயசாகிவிட்டது என்று முடிவு செய்தேன்.

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். அடிக்கவில்லை. என் தலை நனைந்துபோனது. மாமா ஏமாற்றியது இவள் ஒருத்திக்காவது புரிந்ததே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். “அழுவாதம்மா. இனிமே நானே படம் பாத்துட்டு வந்து ஒனக்குச் சரியாச் சொல்றன்” என்றேன்.

“வேணாங் கண்ணு” என்றாள் அம்மா. “மாமாவே சொல்லட்டும்.”

சரியான கதை வேண்டாம் என்கிறவளிடம் என்ன பேசுவது? கையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.