மைனஸ் பதினொன்று

பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் அந்தப் பெண்ணுக்கு உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் பயந்தாங்கொள்ளி. தெருமுனை வரை போனவள் வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவாள். லிஃப்டில் ஏற மாட்டாள். மாடியறையில் இருந்த அமெச்சூர் ரேடியோவின் முன் உட்கார்ந்தால் மட்டும் ஆளே வேறு. முகம் தெரியாதவர்களோடு கலகலவென்று பேசுவாள்.

தங்கையின் கணவருக்கும் அதே கிறுக்கு. சரக்குப் படகில் வேலை. நடுக்கடலில் கைபேசி எடுக்காது என்பதால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசிவைத்த அலைவரிசையில் ரேடியோவில் கூப்பிடுவார். அவர் நலமாக இருக்கும் செய்தி தங்கைக்கு அப்படித்தான் வந்துகொண்டிருந்தது.

கடலில் புயல் என்று செய்தி வந்த நாளில் ரேடியோவைக் கணினியோடு இணைக்கும் கேபிளை எலி கடித்துவைத்திருந்தது. ரேடியோவின் முன்பக்கத்தில் திருகும் குமிழ் எப்போதோ உடைந்துபோனது. அலைவரிசையை மாற்ற வேண்டுமென்றால் கணினி வழியாகத்தான் மாற்ற முடியும். ரேடியோ வேறோர் அலைவரிசையில் நின்றிருந்தது; கேபிள் இல்லையென்றால் அது வெறும் பெட்டி.

தங்கை கடைக்கு ஓடிப்போய்ப் புதுக் கேபிளோடு மூச்சிரைக்க வந்தாள். "ரெண்டு பக்கமும் சரியாப் பொருந்தும்னு சொன்னான். சொருகுக்கா, சீக்கிரம்!"

அக்கா கேபிளின் ஒரு முனையைக் கணினியில் மாட்டி, மறுமுனையில் வோல்ட் மீட்டரை வைத்தாள். மைனஸ் பதினொன்று. அந்த ரேடியோ தாங்குவது பூஜ்யத்திலிருந்து ஐந்து வோல்ட் வரைதான். கணினியோ பன்னிரண்டு வோல்ட் வரைக்கும் மேலும் கீழுமாகத் துள்ளுகிறது. இடையில் நின்று அதைக் குறைத்துக் கொடுத்தது பழைய கேபிளின் தலைக்குள் இருந்த சின்ன சர்க்யூட். புதிதில் வெறும் கம்பிதான்.

"இதைச் சொருகினா செட்டு புகைஞ்சிடும்டி."

"உனக்கு எதுக்குத்தான் பயமில்ல? அவர் அங்க கூப்பிட்டுட்டு இருப்பாருக்கா!" தங்கை எட்டி முனையைப் பிடுங்கினாள். பளாரென்று அவள் கையில் ஓர் அடி விழுந்தது. சின்ன வயதில்கூடத் தங்கையை அடிக்காதவள் அக்கா. இருவருமே விக்கித்துப் போனார்கள்.

அக்கா உதிரிப் பாகங்கள் கிடந்த தகரப் பெட்டியைக் கொட்டித் துழாவினாள். வோல்ட் மட்டத்தை மாற்றும் சிப் ஒன்று கிடைத்தது. அதற்கு வேண்டிய குட்டிக் கெப்பாசிட்டர்களும் இருந்தன. கைபேசி சார்ஜரின் ஐந்து வோல்ட்டை அதற்குக் கொடுத்தாள். ஒவ்வொன்றாகப் பற்றவைத்தாள். ஒரு கெப்பாசிட்டரைத் தலைகீழாக வைத்து, நல்லவேளையாகப் பார்த்துவிட்டு, கழற்றித் திரும்பவும் வைத்தாள். தங்கை சுவரோடு ஒட்டி நின்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீட்டர் இப்போது ஐந்துக்குச் சற்றுக் கீழே காட்டியது. மைனஸ் பக்கம் போகவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ரேடியோவில் சொருகினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. திரையில் எண்கள் கல்லாக நின்றன.

"போச்சா?" என்றாள் தங்கை.

அக்கா ரேடியோவின் மேல் குனிந்தாள். தானே செட்டைக் கொன்றுவிட்டோமோ? மோந்து பார்த்தாள், கருகல் வாடை இல்லை. பிறகுதான் உறைத்தது: அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் இடம் மாறியிருந்தன. மாற்றிப் பற்றவைத்தாள். எண்கள் சடசடவென்று ஓடி, பேசிவைத்த அலைவரிசையில் நின்றன.

இரைச்சல். வெறும் இரைச்சல். அவர் வழக்கமாகக் கூப்பிடும் நேரம் தாண்டிப் போயிருந்தது. அவள் தொண்டை கட்டக் கூப்பிட்டாள். தங்கை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

"...அண்ணி... கேக்குதா?"

கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல்.

"கேக்குது மாப்பிள்ளை! சொல்லுங்க!"

"சுக்கான் உடைஞ்சிருச்சு. ஆளுங்களுக்கு ஒண்ணுமில்ல. இழுத்துட்டுப் போகக் கப்பல் வருதாம். அவகிட்ட..."

அதோடு குரல் அமுங்கிவிட்டது. அதன்பின் எவ்வளவு கூப்பிட்டும் பதில் இல்லை. சகோதரிகள் இருவரும் ஒரே நாற்காலியில் நெருக்கியடித்து உட்கார்ந்து, பொழுது சாயும்வரை அந்த இரைச்சலையே கேட்டார்கள். கப்பல் வந்ததா, வரவில்லையா? கேட்க யாரும் இல்லை.

மறுநாள் துறைமுகத்திலிருந்து அவரே தொலைபேசியில் பேசினார். தங்கை பேசி முடிக்கும்வரை அக்கா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். பேச்சு முடிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை. தங்கைதான் வந்து கைத்தாங்கலாகப் பிடித்து இறக்கிக்கொண்டு போனாள்.