ஒற்றைச் செருப்பும் ஆறு ரோஜாத் தொட்டிகளும்

எங்கள் வீட்டில் வன்மம் வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று நான், இன்னொன்று எங்கள் லாப்ரடார். என் கணவர் இதில் சேர்த்தி இல்லை. அலுவலகத்தில் தன்னைத் திட்டிய மேனேஜருக்கே மறுநாள் காபி வாங்கித் தருகிற ஆள் அவர்.

நாய்க்குக் காதில் அடிக்கடி சீழ் வைக்கும். சொட்டு மருந்து விட்டு முடிப்பதற்குள் வீடு இரண்டுபடும். அதற்காக அவன் குரைக்கவோ கடிக்கவோ மாட்டான். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, மருந்து விட்டவரின் செருப்பில் ஒன்றை மட்டும் கவ்விப்போய்க் குளியலறை வாளித் தண்ணீருக்குள் போடுவான். ஆள் மாறவே மாறாது. நான் விட்டால் என் செருப்பு, அவர் விட்டால் அவர் செருப்பு. குளிப்பாட்டினாலும் நகம் வெட்டினாலும் இதே தண்டனைதான். அப்படியே என்னை உரித்து வைத்திருக்கிறான் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

அப்போது ஹைதராபாத் மாதாப்பூரில் ஓர் அடுக்ககத்தில் நான்காவது மாடியில் இருந்தோம். முக்கால்வாசிப் பேர் எங்களைப் போல சாஃப்ட்வேர் வேலைக்கு வந்தவர்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் மட்டும் ஓய்வுபெற்ற தெலுங்கு அதிகாரி, தரைத்தளத்தில் இருந்தார். நாய்களை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டவர் அவர்தான். இவனுக்கு இடுப்பெலும்பில் பலமில்லை, படி ஏறினால் நொண்டுகிறான் என்று போய்க் கெஞ்சினேன். அப்படியென்றால் ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். என் முகத்தைக்கூடப் பார்க்காமல், தன் ரோஜாத் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே சொன்னார்.

அந்த வாரமே வேண்டுதல் ஒன்றைத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமைதோறும் சர்க்கரைப் பொங்கல் வைக்கிறேன், அந்த ஆளை நீ பார்த்துக்கொள் என்று அம்மனிடம் சொன்னேன். அலுவலகத்துக்குக் கிளம்புகிற அவசரத்திலும் ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

சில வாரங்களில் நாய்க்கு உடம்பு கெட்டது. சனிக்கிழமை விடிந்தால் வாந்தி. அன்று முழுக்க மூலையில் சுருண்டு கிடப்பான், ஞாயிறு தேறிவிடுவான். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் வாந்தி. பக்கத்துத் தெரு மருத்துவர் வயிற்றுக்கு மாத்திரை கொடுத்தார், நிற்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் மீட்டர் அறையில் எலி மருந்து வைத்திருப்பதாகச் செயலாளர் இன்னொரு அறிவிப்பு ஒட்டினார். எனக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் நடக்கிற வழியில் அதைத்தான் தூவுகிறார் என்று முடிவு கட்டினேன். அந்த மனுஷன் அப்படிச் செய்ய மாட்டார் என்று கணவர் சொன்னதற்கு அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

அம்மன் செய்வாள் என்று காத்திருக்கப் பொறுமையில்லை. காலையில் நாய்க்குக் கூடுதலாக ஒரு கிண்ணம் நீர்மோர் ஊற்றுவேன். நான்கு மாடி இறங்குவதற்குள் அவனுக்கு முட்டிக்கொண்டு வரும். செயலாளர் கோயிலுக்குக் கிளம்பியதும் நேரே அவருடைய ரோஜாத் தொட்டிகளுக்குக் கூட்டிப்போவேன். தொட்டிகள் ஆறு, ஒரு நாளைக்கு ஒன்று. முதல் வாரம் நான் அவனை இழுத்துப் போனேன். அடுத்த வாரத்திலிருந்து அவன் என்னை இழுத்துப் போனான். இலைகள் ஓரத்தில் கருகத் தொடங்கின. செயலாளர் உரத்தை மாற்றினார், மண்ணை மாற்றினார், தொட்டிகளை நிழலுக்கு நகர்த்திப் பார்த்தார். நான் பால்கனியில் காபி குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்வானேன், அந்தக் காபிக்குத் தனி ருசி இருந்தது.

ஆடி கடைசி வெள்ளிக்குப் பெரிய பாத்திரத்தில் பொங்கல் வைத்தேன். மறுநாள் நாய் எழுந்திருக்கவே இல்லை. எவ்வளவு நேரமாகியும் ஒரு சொட்டுச் சிறுநீர் போகவில்லை. செகந்திராபாத்தில் நல்ல மருத்துவர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு காரில் போட்டுக்கொண்டு ஓடினோம். அங்கே ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி அவர்; ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ என்று அந்த ஊர் உருது கலந்துதான் பேசுவார். ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு, கிட்னி அடிவாங்கியிருக்கிறது, பிழைப்பானா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். நான் செயலாளரின் எலி மருந்தைப் பற்றிச் சொன்னேன். விஷம் என்று எழுதிக் கொடுங்கள், போலீசுக்குப் போகிறேன் என்றேன்.

அவர் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டே கேட்டார். "நேத்து வீட்ல என்னம்மா குடுத்தீங்க?"

"தப்பா ஒண்ணும் குடுக்கலீங்க. சக்கரைப் பொங்கல்ல இருந்த திராட்சை மட்டுந்தான். வெள்ளிக்கிழமையானா குடுக்கறதுதானுங்க."

எனக்குச் சின்ன வயதிலிருந்தே காய்ந்த திராட்சை பிடிக்காது. ஆனால் அம்மனுக்கு வைப்பதில் குறை இருக்கக் கூடாதென்று நெய்யில் பொரித்துக் கைநிறையப் போடுவேன். பிறகு என் தட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பேன். பிரசாதம், குப்பையில் போடக் கூடாது. மேஜைக்கு அடியில் என் காலருகே அவன் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பான்.

"ஹவ், அதான்," என்றார் மருத்துவர். "நாய்க்குத் திராட்சை நக்கோம்மா. ஒண்ணுகூட நக்கோ, கிட்னி போயிடும். இவனுக்கு வெளியாளு யாரும் விஷம் வைக்கல."

அவனை அங்கேயே சேர்த்துவிட்டு, நாங்கள் தினமும் மாதாப்பூரிலிருந்து போய்வந்தோம். ஐந்தாம் நாள் அவன் தள்ளாடி எழுந்து மருத்துவரின் மேஜைக் காலில் சிறுநீர் கழித்தான். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்குக் கிளம்பும்போது, வாசலில் கழற்றியிருந்த மருத்துவரின் செருப்பில் ஒன்றைக் கவ்விப்போய்த் தரை துடைக்கிற வாளிக்குள் போட்டான். அத்தனை ஊசிக்கும் சேர்த்து அது.

செயலாளரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. லிஃப்ட் விஷயத்தில் அவர் மேல் கோபம் இன்னும் இருக்கிறது. வேண்டுதலை மட்டும் நிறுத்திவிட்டேன். ஆனால் நாய்க்கு ரோஜாத் தொட்டி பழகிவிட்டது. தெம்பு வந்ததும் தினமும் அந்தப் பக்கமே இழுத்தான். நான் முழு பலத்தோடு பிடித்து மறுபக்கம் திருப்ப வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் செருப்பை அலமாரியில் வைக்காமல், அவன் படுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கழற்றிப் போட்டேன். அலுவலகத்துக்கு வேறு ஜோடி போட்டுக்கொண்டு போனேன். சாயங்காலம் வந்ததும் முதலில் குளியலறை வாளியைத்தான் எட்டிப் பார்ப்பேன். காது மருந்து, குளியல், நகம் எல்லாவற்றையும் கணவரிடம் விட்டுவிட்டு ஒரு மாதம் பார்த்தேன். என் செருப்பு இரண்டும் போட்ட இடத்திலேயே இருந்தன. வெள்ளிக்கிழமை நான் சாப்பிட உட்கார்ந்தால், அவன் மேஜைக்கு அடியில் வந்து என் காலருகே வாயைத் திறந்துகொண்டு உட்காருவான்.