மார்கழியில் பிரிக்காத கூரை

எண்பதுகளின் நடுவில் லண்டன் செவன் கிங்ஸில் நாங்கள் வாங்கிய வீட்டின் சிலேட் ஓட்டுக் கூரையின் வயதுக்கு எங்கள் இருவர் வயதையும் கூட்டினாலும் போதாது. மழை பெய்தால் மகளின் அறைச் சுவர் வியர்க்கும். அந்த ஈரத்தில் நெஞ்சுச்சளி கட்டி, இரண்டு வயதுக்குள் இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்னொரு தரம் வந்தால் ஆபத்து, முதலில் கூரையை மாற்றுங்கள் என்று டொக்டர் சொன்னார்.

கூரைக்காரர் ஓர் ஐரிஷ்காரர், அறுபதை நெருங்கியவர். டிசம்பர் நடுவில் வந்து பார்த்தார். இந்தக் கிழமை மழையில்லை, நாளைக்கே தொடங்கினால் நத்தார்ப் பண்டிகைக்கு முன் முடித்துவிடலாம் என்றார்.

நான் கலண்டரைப் பார்த்தேன். ஈஸ்ட் ஹாம் தமிழ்ப் பலசரக்குக் கடையில் இனாமாகக் கொடுத்தது. மார்கழி பிறந்து இரண்டு நாள்.

"மார்கழியில வீட்டுக் கூரையில கைவைக்க ஏலாது. தை பிறக்கட்டும்," என்றேன் கணவரிடம்.

"உமக்கென்ன விசரே? மார்கழியெண்டு பிள்ளையின்ர நெஞ்சுக்குத் தெரியுமே?" என்றார் கணவர்.

"பிள்ளைக்காகத்தான் சொல்லுறன். கூடாத மாசத்தில பிரிச்சு அவளுக்கு ஒண்டு நடந்தா, நீங்களே பதில் சொல்லுவியள்?"

இப்படிக் கேட்டால் எந்தத் தகப்பன் பிறகு வாய் திறப்பான்? அது தெரிந்துதான் கேட்டேன். ஒரு மாதம் பொறுக்கும்படி கணவர் கூரைக்காரரிடம் சொன்னார். ஜனவரியை நம்பக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போனார்.

பொங்கலுக்கு மறுநாள், நல்ல நேரம் பார்த்துத் தொடங்கினோம். பின்னேரத்துக்குள் சிலேட் முழுவதும் இறங்கிவிட்டது. தெருவில் நின்று பார்த்தேன். மரச்சட்டங்கள் மட்டும் தெரிந்தன. துளி காற்று இல்லை. நல்ல நாள்தானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

விடியப் பனி கொட்டத் தொடங்கியது. மூன்று நாள் விடவில்லை. கூரைக்காரர் சட்டங்களின் மேல் தறப்பாளை இழுத்துக் கட்டினார். காற்று கிழித்தது. மறுபடி கட்டினார். கூரைக்கடியில் லொஃப்டில் இருந்த தண்ணீர்த் தொட்டி உறைந்து ஹீற்றிங் நின்றது. சீலிங்கில் சோற்றுத்தட்டு அளவில் தொடங்கிய ஈரம் கட்டில் அளவுக்கு விரிந்தது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போகலாமென்றால் காரை அசைக்க முடியவில்லை. குசினியில் அடுப்பை எரியவிட்டு, மகளை மடியில் வைத்துப் போர்த்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் அவள் உதடு நீலமாகியது.

அம்புலன்ஸ் எப்படியோ வந்து சேர்ந்தது. ஒன்பது நாள் ஒக்சிஜனில் இருந்தாள். பிழைத்தாள், ஆனால் ஒரு பக்க நுரையீரல் பழுதாகிவிட்டது. இன்றும் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவாள்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்: இந்தக் குளிருக்குள்ள ஏன் கூரையைப் பிரிச்சனீங்கள்?

"கூரைக்காரன் பிந்திப்போனான்," என்றார் கணவர், என் பக்கம் திரும்பாமல்.

அந்தப் பொய் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. எங்கள் ஆட்கள் ஒருவரும் பிறகு அந்த மனிதரை வேலைக்குக் கூப்பிடவில்லை.

பனிக்குள்ளேயே கூரையை முடித்துவிட்டு அவர் வார்டுக்கு வந்தார். விரல்கள் வெடித்திருந்தன. தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி, "ஜனவரியில் முடியாது என்று நான் மறுத்திருக்க வேண்டும், பிழை என்னுடையது, மன்னித்துவிடுங்கள்," என்றார்.

மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன்.